அவளுக்கு இலை போட்டவன்

எவாசோ ஆற்றங்கரை,
பிப்ரவரி 3, 1993

என் மகன் மெய்தமேய்க்கு,

மாடுகள் நலம். ஆடுகளும் நலம். உன் அம்மா நலம், நானும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, அங்கே பால் கொடுக்கிறார்களா என்று முதலில் எழுது.

இதை எழுதுவது உன் அப்பா லெங்குபேதான். நம்பாமல் அருகில் இருப்பவனிடம் காட்டிக் கேட்காதே, நானேதான். நீ சிறைக்குப் போன பிறகு முள்மரத்தடி வகுப்பில் சேர்ந்தேன். பதினாறு பெண்கள், மூன்று கிழவர்கள். முதல் நாள் பெண்கள் சிரித்தார்கள். "பல்லே இல்ல, பாடம் எதுக்கு?" என்றாள் ஒருத்தி. "பல்லால எழுதப் போறேனா?" என்றேன். இப்போது அவளே என் எழுத்தைப் பார்த்து எழுதுகிறாள்.

எழுத்து அதிசயமான பொருள். ஆட்டை ஓர் இடத்தில் விட்டால் திரும்பி வரும்போது வேறு இடத்தில் நிற்கும். எழுத்து விட்ட இடத்திலேயே நிற்கிறது. காலையில் "மாடுகள் நலம்" என்று எழுதிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனேன். வந்து பார்த்தால் அது அப்படியே இருக்கிறது.

இன்னொரு செய்தி. நீ ஓட்டிய வண்டியில் இப்போது நான் முன்னால் உட்கார்ந்து போகிறேன். சுற்றுலா முகாம் முதலாளி கூப்பிட்டு, "மகன் இல்லாத வீட்ல சும்மா உக்காந்து என்ன பண்றீங்க? வந்து யானை காட்டுங்க" என்றார். புது ஓட்டுநர் லெஷோபேக்குச் சாலை தெரியும், யானை தெரியாது. வாழ்நாள் எல்லாம் நடந்து பார்த்த யானையை உட்கார்ந்து பார்க்கிறேன். நடக்கும்போது கால்தான் முதலில் பயப்படும். வண்டியில் காலுக்கு வேலை இல்லை, அதனால் கண் நன்றாகப் பார்க்கிறது. இத்தனை அழகா என்று எனக்கே வெட்கமாகப் போனது.

யானைக்கூட்டத்துக்குப் பெரியவளான கிழிகாதுக்காரியைக் கொன்று தந்தத்தை வெட்டியது நீ என்று பத்து வருடம் போட்டிருக்கிறார்கள். நீ கண்டபோது அவள் செத்துக் கிடந்தாள், தந்தமும் போயிருந்தது. செத்த உறவுக்குச் செய்வதுபோல், நம் வழக்கப்படி நீ அவள் முகத்தில் பச்சை இலை போட்டு மூடிவிட்டு வந்தாய். நம் ஆட்களில் யாருக்குத் தெரியாது? மேல்முறையீட்டில் எல்லாம் சரியாகும்.

நம் பெரியவர்கள் துப்பி வாழ்த்துவதுபோல், உன் தலை மீது என் எச்சில் ஆசி.
அப்பா


சிறைச்சாலை,
பிப்ரவரி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் மாடுகளும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. பால் இல்லை, தேநீர் உண்டு.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னோடு இருப்பவர்கள் வீட்டில் சாவோ என்று பயந்துபோனார்கள். பிறகு எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பல் விஷயத்துக்கு நன்றாகச் சிரித்தார்கள்.

இங்கே வரும் கடிதங்களை அதிகாரிகள் பிரித்துப் படித்த பிறகுதான் எங்களிடம் தருவார்கள். நான் எழுதுவதையும் அப்படியே. இதை நினைவில் வையுங்கள்.

வழக்கறிஞர் மும்புவா அம்மா நல்லவர். காசு வாங்காமல் வாதாடுகிறார். வழக்கு ஒரே ஒரு ஆளின் மேல் நிற்கிறது என்கிறார். என்னை அந்த யானைக்குப் பக்கத்தில் பார்த்ததாகச் சொன்ன வெளியூர்க்காரன். அவனுக்குப் பார்வை மங்கல் என்று மருத்துவரின் சான்று கிடைத்திருக்கிறது. நான் அந்தப் பக்கம் போகவே இல்லை என்று நின்றால் விடுதலை நிச்சயம் என்கிறார். அன்று நான் டவுனில் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும், அப்பா. உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நாளைப் பற்றி எழுத வேண்டாம். யானைகளைப் பற்றி எழுதுங்கள். யார் முன்னால் நடக்கிறாள்? ஆறு எப்படி இருக்கிறது?

அம்மாவுக்கு வணக்கம் சொல்லவும்.
மெய்தமேய்


எவாசோ ஆற்றங்கரை,
மார்ச் 19

மகனே,

மாடுகள் கொஞ்சம் மெலிவு. மற்றபடி நலம். உன் அம்மா இருமுகிறாள், ஆனால் என்னைத் திட்டும் அளவுக்கு மூச்சு இருக்கிறது.

கடிதங்களைப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, உங்கள் மாடுகள் நலமா? என் எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். என் மகன் தவிர இன்னொருவரும் படிக்கிறார் என்று தெரிந்ததிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

ஆற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை, மணலுக்குள் போய்விட்டது. யானைகள் முன்னங்காலால் மணலைத் தோண்டி, ஊறும் வரை காத்து நிற்கின்றன. இப்போது முன்னால் நடப்பவள் ஒற்றைக் கொம்பு. வயது போதாது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பெரியவள் சொல்லட்டும் என்பதுபோல் பின்னால் பார்க்கிறாள். பின்னால் யாரும் இல்லை. பிறகு ஏதோ ஒரு பக்கம் நடக்கிறாள்.

நேற்று கிழிகாதுக்காரியின் எலும்பு கிடக்கும் இடத்துக்கு வந்தார்கள். ஒவ்வொருத்தியும் பின்னங்காலால் மெல்லத் தொட்டாள். நான் வண்டியிலிருந்தே மூக்குப்பொடி கொஞ்சம் எடுத்து அந்தப் பக்கம் தூவி, "தூங்கும்மா" என்றேன். பின்னால் இருந்த வெள்ளைக்கார அம்மா லெஷோபேயிடம், நான் யாரோடு பேசுகிறேன் என்று கேட்டாள்.

"செத்துப்போன யானையோட பேசறாராம், அம்மா."

"பதில் சொல்லுமா?"

"இவரு வாயத் தொறந்தா உயிரோட இருக்கறவங்களே பதில் சொல்ல முடியாது, அது பாவம் என்ன பண்ணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இரண்டாம் பக்கத்தில் ஒன்று எழுத வேண்டும். நீ மறந்துவிட்டாய். டயர் மாற்றியது முந்தின நாள். மறுநாள் சாயங்காலம்தான் நீ வந்து பாலைத் தொடாமல், "அப்பா, அவ போயிட்டா. ரெண்டு கொம்பும் இல்ல. மூஞ்சிய மூடிட்டு வந்தேன்" என்றாய். சிறையில் நாள் குழம்பிப்போவது இயல்பு. நீ கவலைப்படாதே, எனக்கு நினைவிருக்கிறது.

அப்பா


சிறைச்சாலை,
ஏப்ரல் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் இருமலுக்கு மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள்.

உங்கள் கடிதத்தின் முதல் பக்கம் மட்டும் என் கைக்கு வந்தது. இரண்டாம் பக்கம் வரவில்லை. கேட்டேன். இல்லை என்றார்கள்.

அப்பா, நான் சொன்னதை மறுபடியும் சொல்கிறேன். யானைகளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். போன மழைக்கு முன்னால் பிறந்த குட்டி இருக்கிறதா?

மெய்தமேய்


எவாசோ ஆற்றங்கரை,
மே 16

மகனே,

வீட்டில் எல்லோரும் நலம். இரண்டு மாடுகள் போய்விட்டன. மீதி நிற்கின்றன. நீ சாப்பிடுகிறாயா?

குட்டி இருக்கிறது! தன் துதிக்கையை என்ன செய்வது என்று அதற்கு இன்னும் தெரியவில்லை. தானே மிதித்துத் தானே விழுகிறது. முதன்முதலில் பேனா பிடித்த என்னைப் போல.

இரண்டாம் பக்கம் தொலைந்ததற்கு வருத்தப்படாதே. அதில் இருந்ததை இன்னும் நன்றாக, நேராக நீதிபதிக்கே எழுதி அனுப்பிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன் மகனே. நீ அங்கே போகவில்லை என்று வழக்கறிஞர் அம்மா சொல்கிறார். அவர் வேறு ஊர்க்காரர், அவருக்கு எப்படித் தெரியும்? நீ போகவில்லை என்றால் இலை போட்டது யார்? வழியில் செத்துக் கிடப்பவளைப் பார்த்து மூடாமல் போனவன் என் மகன் என்றா ஊர் பேச வேண்டும்? கொன்றவன் கை இலையைத் தொடாது. இலை போட்டவன் அவளுக்கு உறவு. இதைச் சொன்னாலே போதும், வழக்கே முடிந்தது. நீதிபதிக்கு இதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் எழுதினேன். ஒன்பது நாள் ஆனது. உனக்கும் அதில் கொஞ்சம் காட்டுகிறேன்.

"மதிப்புக்குரிய நீதிபதி ஐயா, உங்கள் மாடுகள் நலமா? நான் மெய்தமேயின் அப்பா. என் மகன் அன்று அந்த யானையிடம் போனான். அதை நானே சொல்கிறேன். அவன் கையில் இலைப்பால் காய்ந்திருந்தது. அவளுடைய ரத்தம் அவன் செருப்பில் இருந்தது. அவ்வளவு பக்கத்தில் போய் முகத்தை மூடினான். இப்படிப்பட்டவனையா உள்ளே வைத்திருக்கிறீர்கள்?"

நன்றாக இருக்கிறதா? டீச்சர் நலாங்குவிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"இத வக்கீலம்மாகிட்ட கேட்டுட்டு அனுப்பலாமே, பெரியவரே?"

"நடந்ததச் சொல்றதுக்கு யாருகிட்டம்மா கேக்கணும்?"

"இல்ல, கோர்ட்டுல எப்படி எடுத்துக்குவாங்களோன்னு..."

"கண்ணு தெரியாதவன் சொன்னத எடுத்துக்கிட்டாங்க. கண்ணு தெரியற நான் சொன்னா எடுத்துக்க மாட்டாங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் பதில் அத்தனை சரியாக இருந்தது. முகாம் லாரியில் கொடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன். வாழ்நாளில் நான் கடிதம் எழுதிய இரண்டாவது பெரிய மனிதர் நீதிபதி. முதல் ஆள் நீ.

அப்பா


சிறைச்சாலை,
ஜூன் 2

அப்பா,

உங்கள் கடிதம் இன்று வந்தது. நீதிபதிக்கு எழுதியது இன்னும் முகாமிலேயே இருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். லாரி ஓட்டுநரிடம் கேளுங்கள். டீச்சரை விட்டுத் தபால் நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

இதை அவசரமாகப் பாருங்கள்.

மெய்தமேய்


எவாசோ ஆற்றங்கரை,
ஜூன் 27

மகனே,

நலம். உன் கடிதம் அவசரமாக இருந்ததால் நானும் அவசரமாக எழுதுகிறேன். அது போய்ச் சேர்ந்துவிட்டது! கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட சீட்டும் திரும்ப வந்திருக்கிறது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தவறு ஏதும் இருக்குமோ, திருத்தி அனுப்பலாமே என்றுதானே கேட்டாய்? தவறு இல்லை. எல்லாம் உண்மை.

அப்பா


சிறைச்சாலை,
ஆகஸ்ட் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா நலமா? மாடுகள் நலமா?

தீர்ப்பு சொன்னார்கள். பத்து வருடம் அப்படியே இருக்கிறது.

உங்கள் கடிதம் அரசு வக்கீலின் கையில் இருந்தது. நீதிபதி அதை வாங்கி முழுதும் படித்தார், வாய்விட்டுப் படித்தார். மாடுகள் நலமா என்று நீங்கள் கேட்டதையும் படித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. செருப்பு பற்றிய வரியை இரண்டாவது முறையும் படித்தார். மும்புவா அம்மா தன் காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுத்து தெளிவாக இருந்தது என்று நீதிபதி சொன்னார், அப்பா. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஆற்றில் தண்ணீர் வந்ததா?

மெய்தமேய்


எவாசோ ஆற்றங்கரை,
செப்டம்பர் 5

மகனே,

தெளிவாக இருந்தது என்றாரா? நீதிபதியா? வாய்விட்டா?

வகுப்பில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பெண்கள் கை தட்டினார்கள். பல் இல்லை என்றவள், "கெழவன் கோர்ட்டு வரைக்கும் போயிட்டான்டி!" என்றாள். பிறகு தீர்ப்பைப் படித்தேன். கை தட்டல் நின்றது. டீச்சர் எழுந்து மரத்துக்குப் பின்னால் போனாள்.

உன் அம்மாவுக்கும் படித்தேன். இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னாள். செருப்பு என்ற இடம் வந்ததும், "நிறுத்துங்க" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ பிறந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. பிறகு பால்குடுக்கையைக் கழுவப் போனாள். அது கழுவின குடுக்கை. இப்போது பால் ஏது?

ஆற்றில் தண்ணீர் இல்லை. மாடு ஐந்து மிச்சம். குட்டி போன வாரம் விழுந்தது, இந்த முறை தடுக்கி அல்ல. தாய் அதை முட்டுக்கொடுத்து நிறுத்தினாள், மறுபடி விழுந்தது. பின்னால் இருந்த பயணிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். "போலாமா பெரியவரே?" என்றான் லெஷோபே. "இரு, எம் மவனுக்கு எழுதணும்" என்றேன். ஒற்றைக் கொம்பு துதிக்கையால் கிளையை ஒடித்துக் குட்டியின் மேல் போட்டாள். பார், இலை போடுவது யாருடைய வேலை என்று யானைக்கும் தெரிகிறது.

உன் தீர்ப்பைப் பற்றி யோசித்தேன். தவறு எங்கே என்று புரிந்துவிட்டது. நான் ஒரே ஆள், அதிலும் அப்பா. அப்பா பிள்ளைக்காகச் சொல்வான் என்று நினைத்திருப்பார்கள்.

அப்பா


சிறைச்சாலை,
செப்டம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குட்டியைப் பற்றி எழுதியதை இங்கே யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

மேலே இன்னும் ஒரு நீதிமன்றம் இருக்கிறது. மும்புவா அம்மா இன்னும் என்னைக் கைவிடவில்லை. வயதானவரின் நினைவு, நாட்கள் மாறிப்போகும் என்று சொல்லிப் பார்க்கிறேன் என்கிறார். புதிதாக யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தால் சிறு வழி இருக்கிறதாம். சொல்லாமல் இருந்தால் மட்டும்.

அதனால் அப்பா, இனி நீதிமன்றத்துக்கு எழுத வேண்டாம். ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதினால் கை வலிக்கும். எனக்கு மட்டும் எழுதுங்கள். எனக்கு எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.

மெய்தமேய்


எவாசோ ஆற்றங்கரை,
அக்டோபர் 20

மகனே,

நானும் உன் அம்மாவும் நலம். மாடுகளைப் பற்றி இந்த முறை கேட்காதே.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. முகாமில் பயணிகள் குறைந்துவிட்டார்கள், லாரி வாரம் ஒரு முறைதான். இதைப் பென்சிலில் எழுதுகிறேன். உன் அம்மா என் பேனாவை எங்கோ வைத்துவிட்டாள். கேட்டால், "ஆடு தின்னுடுச்சு" என்கிறாள். ஆடு பேனா தின்னுமா? டீச்சரிடம் கேட்டேன். அவளுக்கும் பேனா எல்லாம் திடீரென்று தீர்ந்துபோயிற்று. கடைசியில் லெஷோபேயின் பென்சில்தான் கிடைத்தது.

இனி நல்ல செய்தி. என் சகவயதுக்காரன் லெபூராவை உனக்குத் தெரியும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவன். போன மாதம் மூக்குப்பொடி கேட்டு வந்தான். வழக்கைப் பற்றிச் சொன்னேன்.

"உம் மவன அன்னிக்கு நான் பாத்தேனே!" என்றான்.

"எங்கடா பாத்த?"

"யானை கெடந்த எடத்துல. கையில வெட்டுக்கத்தி. நான்தான் கூப்புடல."

"இத்தன நாளா ஏண்டா சொல்லல?"

"யாரு கேட்டா? நீ பள்ளிக்கூடம் போயிட்ட, பெரிய மனுசன்!"

கத்தி எதற்கு? கிளை வெட்டத்தான். நான் அப்பா, அவன் அப்பா இல்லை. அவன் சொன்னால் யார் மறுக்க முடியும்? அன்றே எழுத ஆரம்பித்தேன். மூன்று பக்கம் வந்தது. உன்னை யானைக்குப் பக்கத்தில் கத்தியோடு பார்த்தேன் என்று லெபூரா சொன்னதை எழுதினேன், கீழே அவன் கட்டைவிரல் ரேகை வைத்தான். கூப்பிட்டால் நேரிலும் வந்து சொல்வான். உன் கடிதம் வருவதற்கு முன்பே, போன லாரியில் பெரிய நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டேன். இந்த முறை சீட்டு வந்ததும் டீச்சரிடம் காட்டப் போவதில்லை.

ஒற்றைக் கொம்பு கூட்டத்தை வடக்கே கொண்டுபோய்விட்டாள். இரண்டு வாரமாக யானை இல்லை. ஆனாலும் தினமும் வண்டியில் உட்கார்ந்து போகிறேன். வந்தால் எழுதுகிறேன்.

இனி எழுத வேண்டாம், கை வலிக்கும் என்று எழுதியிருந்தாய். என் கையைப் பற்றி நினைக்கும் பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? கை வலிக்கவே இல்லை மகனே. இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன்.

அப்பா